ஒன்பதாவது உயிரின் விலை

'ஷ்ரெக்' படத்தில் துணைக்கு வந்த பூனை, தனிப்படத்தின் நாயகனாகி மரணத்தை நேருக்கு நேர் சந்தித்த கதை

காட்டுவழியே போய்க்கொண்டிருக்கும் ஷ்ரெக் என்ற அரக்கன் மீது பாய்கிறது ஒரு செம்பழுப்பு நிறப் பூனை. தலையில் இறகு செருகிய தொப்பி, இடுப்பில் மெல்லிய வாள், காலில் பூட்ஸ். மருமகனைத் தீர்த்துக்கட்டச் சொல்லி ராஜா ஹெரால்ட் காசு கொடுத்து ஏவிவிட்ட கூலியாள் அது. ஆவேசமாகச் சண்டைபோடும்போதே தொண்டையில் முடியுருண்டை சிக்கிக்கொள்ள, இருமி இருமித் தோற்றுப்போகிறது. தோற்ற கையோடு உயிர்ப்பிச்சை கேட்டு, கொல்ல வந்தவனுக்கே துணையாகச் சேர்ந்துகொள்கிறது. பிறகொரு காட்சியில் ஆயுதமேந்திய வீரர்கள் எதிரே நிற்க, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி கண்களை அகல விரித்துப் பார்க்கும். பார்த்தவர்களின் கை தளரும். அடுத்த நொடி பூனையின் வாள் பேசும்.

2004-ல் வெளிவந்த 'ஷ்ரெக் 2' படத்தில் புஸ் இன் பூட்ஸ் என்ற அந்தப் பூனையின் பங்கு கிட்டத்தட்ட இவ்வளவுதான். அந்தப் படம் உலகம் முழுவதும் 90 கோடி டாலருக்கு மேல் வசூலித்து, அந்த ஆண்டின் வசூலில் முதலிடம் பிடித்தது. ஷ்ரெக்கின் பெயரில் ஓடிய படம் அது. ஆனால் இருபது ஆண்டுகள் கழித்தும் செல்போன் ஸ்டிக்கர்களில் உலவிக்கொண்டிருப்பது அந்தப் பூனையின் கண்கள்.

நாயகனுக்குப் பக்கத்தில் நின்று கைதட்டல் வாங்கிய பாத்திரத்துக்குத் தனிப்படம் எடுப்பது ஹாலிவுட்டின் வாடிக்கையான வியாபாரம். அப்படி வந்த படங்களில் பல, பத்து நிமிடச் சிரிப்பை ஒன்றரை மணி நேரத்துக்கு இழுத்து நீர்த்துப்போனவை. இந்தப் பூனைக்கு அது நடக்கவில்லை. 2011-ல் வந்த அதன் முதல் தனிப்படம் நல்ல படம். 2022-ல் வந்த 'புஸ் இன் பூட்ஸ்: தி லாஸ்ட் விஷ்' அதைவிடப் பல படி உயர்ந்தது, குழந்தைகளுக்கான சினிமா எவ்வளவு தூரம் உண்மை பேசலாம் என்பதற்கு இந்த நூற்றாண்டில் கிடைத்த மிகச் சிறந்த சான்றுகளில் ஒன்று என்று உறுதியாகச் சொல்வேன். ஒரு துணைப்பாத்திரம் எந்த இடத்தில் நாயகனாகிறது என்ற கேள்விக்கு அந்தப் படத்தில் தெளிவான பதில் இருக்கிறது.

எஜமானுக்காக உழைத்த பூனை

ஷ்ரெக் படக்குழு இந்தப் பூனையைப் புதிதாகக் கற்பனை செய்யவில்லை. அதற்கு நானூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. 1550-களில் வெனிஸ் நகரில் ஸ்ட்ராபரோலா வெளியிட்ட கதைத் தொகுப்பில் ஒரு பெண்பூனை வருகிறது. ஏழையான தன் எஜமானைத் தந்திரத்தால் பெரிய மனிதனாக்குகிறது. 17-ஆம் நூற்றாண்டில் நேப்பிள்ஸைச் சேர்ந்த ஜாம்பட்டிஸ்டா பாசிலே அதே கதையை இன்னும் கசப்பாகச் சொன்னார். இரண்டிலும் பூனைக்குப் பூட்ஸ் கிடையாது.

பூட்ஸை மாட்டிவிட்டவர் பிரெஞ்சு எழுத்தாளர் ஷார்ல் பெரோ. 1697-ல் வெளிவந்த அவருடைய தொகுப்பில்தான் இன்று உலகம் அறிந்த வடிவம் இருக்கிறது. மாவு மில்காரர் இறந்துபோகிறார். மூத்தவனுக்கு மில், நடுப்பிள்ளைக்குக் கழுதை, கடைசிப் பிள்ளைக்குப் பூனை. இந்தப் பூனையைத் தின்றுவிட்டுத் தோலில் கைக்கு ஓர் உறை தைத்துக்கொண்டால் அதன்பின் பட்டினிதான் என்று புலம்புகிறான் கடைசிப் பிள்ளை. அதைக் காதில் வாங்கிய பூனை, எனக்கு ஒரு சாக்குப்பையும் ஒரு ஜோடி பூட்ஸும் கொடு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறது. அதன்பின் அரசனுக்கு வேட்டைப்பொருள் காணிக்கை, எஜமானுக்குப் பொய்ப் பட்டம், உருமாறத் தெரிந்த அரக்கனை எலியாக மாறச் சொல்லி விழுங்கிவிட்டு அவன் கோட்டையைச் சொந்தமாக்குவது என்று கதை போகிறது. மில்காரர் மகன் இளவரசியை மணக்கிறான். பூனையும் பிரபுவாகிறது.

இதைக் குழந்தைகளுக்கான குறும்புக் கதையாகவே படித்துப் பழகிவிட்டோம். ஆனால் பூனையின் பக்கம் நின்று படித்தால், அதன் முதல் பேச்சே தன் தோலைக் காப்பாற்றிக்கொள்ளப் பேசிய பேச்சு. பாசிலேயின் வடிவத்தில் இது இன்னும் கூர்மை. பணக்காரனாகிவிட்ட எஜமான், நீ செத்தால் தங்கப்பேழையில் வைத்துக் காப்பேன் என்று பூனைக்கு வாக்குக் கொடுக்கிறான். அதைச் சோதிக்கப் பூனை செத்ததுபோல் கிடக்கிறது. காலைப் பிடித்துத் தூக்கி ஜன்னல் வழியே வெளியே வீசு என்கிறான் அவன். பூனை துள்ளி எழுந்து, அவன் நன்றிகெட்டதனத்தைச் சொல்லிச் சொல்லித் திட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விடுகிறது.

தன் உயிருக்கு என்ன மதிப்பு என்று இந்தப் பூனை அன்றே கேட்டுவிட்டது. பதில் கிடைக்கத்தான் காலமானது.

இடைப்பட்ட நூற்றாண்டுகளில் அதற்குப் புகழுக்குக் குறைவில்லை. 1860-களில் ஓவியர் குஸ்தாவ் டோரே தொப்பியும் மேலங்கியுமாக வரைந்த கம்பீர உருவம் உலகெங்கும் பரவியது. 1890-ல் அரங்கேறிய சைகோவ்ஸ்கியின் 'ஸ்லீப்பிங் பியூட்டி' பாலேயில் பூனைக்கு ஒரு நடனம் கிடைத்தது. வால்ட் டிஸ்னி தன் ஆரம்ப நாட்களில், 1922-ல், கான்சாஸ் சிட்டியில் இருந்தபோதே இதைக் கார்ட்டூனாக எடுத்தார். 1969-ல் ஜப்பானின் டோயி நிறுவனம் எடுத்த படத்தில் இளைஞராக இருந்த ஹயாவோ மியாசாகி பணியாற்றினார். அந்தப் படத்தின் பூனை இன்றும் டோயி அனிமேஷனின் சின்னம். ஆனால் எல்லா இடத்திலும் அது இன்னொருவரின் அதிர்ஷ்டத்துக்காக ஓடும் பூனைதான்.

மாலகாவிலிருந்து வந்த குரல்

'ஷ்ரெக் 2' இயக்குநர்கள் பூனைக்குக் குரல் கொடுக்க ஆன்டோனியோ பன்டேராஸைத் தேடிப்போனபோது பாத்திரத்தின் தலையெழுத்து மாறியது. 1998-ல் 'தி மாஸ்க் ஆஃப் ஸோரோ' படத்தில் கறுப்பு முகமூடியும் வாளுமாக வந்தவர் அவர். அந்த ஸோரோவின் மிடுக்கை முழங்கால் உயரப் பூனைக்குள் அடைத்தார்கள். உருவம் சின்னது, குரல் அடர்த்தியானது. அந்த முரண்தான் முதல் சிரிப்பு.

பன்டேராஸ் ஸ்பெயினின் மாலகா நகரில் 1960-ல் பிறந்தவர். பெத்ரோ அல்மோதோவரின் படங்களில் வளர்ந்தவர். அமெரிக்காவில் அவர் நடித்த முதல் முக்கியப் படமான 'தி மாம்போ கிங்ஸ்' (1992) எடுக்கப்பட்டபோது அவருக்கு ஆங்கிலம் தெரியாது. வசனத்தை ஒலியாக மனப்பாடம் செய்து பேசினார். ஸ்பானிய உச்சரிப்போடு பேசுகிறவர்களுக்கு அன்றைய ஹாலிவுட்டில் பெரும்பாலும் வில்லன் வேடம்தான் என்பதை அவர் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அதே உச்சரிப்போடு பேசும் பூனையை உலகத்துக் குழந்தைகள் நாயகனாகக் கொண்டாடுவதில் தனக்குள்ள பெருமையையும் மறைத்ததில்லை. ஆங்கிலத்துக்கு மட்டுமல்லாமல் ஸ்பானிய மொழிப் பதிப்புகளுக்கும் அவரே குரல் கொடுத்தார்.

2011-ல் கிறிஸ் மில்லர் இயக்கத்தில் வந்த முதல் தனிப்படத்தை முதலில் டிவிடியில் மட்டும் வெளியிடவே திட்டமிட்டிருந்தார்கள். பூனையின் செல்வாக்கு அதைத் தியேட்டருக்குக் கொண்டுவந்தது. சான் ரிகார்டோ என்ற ஊர், அநாதை விடுதி, அங்கே கூடவே வளர்ந்த ஹம்ப்டி டம்ப்டி, அவன் செய்த துரோகம், வளர்ப்புத் தாய் இமெல்டாவின் கண்ணீர் என்று பூனைக்கு ஒரு கடந்தகாலம் கிடைத்தது. சல்மா ஹாயெக் குரலில் கிட்டி சாஃப்ட்பாஸ் என்ற திருட்டுப் பூனை ஜோடியானாள். பன்டேராஸும் ஹாயெக்கும் சேர்ந்து நடித்த 'டெஸ்பராடோ' (1995) பார்த்தவர்களுக்கு அந்த இரு குரல்களின் பொருத்தம் தெரியும். இதன் அனிமேஷன் வேலையில் பெங்களூரில் இயங்கிய டெக்னிகலர் ஸ்டுடியோவின் கலைஞர்களுக்கும் பங்கு உண்டு. படம் 55 கோடி டாலர் அளவுக்கு வசூலித்தது. ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றது.

ஆனாலும் ஒரு குறை இருந்தது. அந்தப் படத்தின் பூனைக்குக் கடந்தகாலம் இருந்ததே தவிர, ஆபத்து இல்லை. எத்தனை உயரத்திலிருந்து விழுந்தாலும் தொப்பியைத் தட்டிவிட்டு எழுந்துவிடுவான் என்று நமக்குத் தெரியும். துணைப்பாத்திரங்களுக்கு உள்ள வசதி அது. அவர்கள் சாக மாட்டார்கள். அடுத்த படத்துக்கு வேண்டுமே!

பதினோரு ஆண்டு இடைவெளி

இரண்டாம் படம் வர பதினோரு ஆண்டுகள் ஆயின. இந்தப் படங்களை எடுத்த ட்ரீம்வொர்க்ஸ் அனிமேஷனுக்கு அவை கடினமான ஆண்டுகள். 'மடகாஸ்கர்' படங்களின் பென்குவின்களை நாயகர்களாக்கி 2014-ல் எடுத்த தனிப்படம் எதிர்பார்த்த லாபம் தரவில்லை. 2015 ஜனவரியில் ஏறக்குறைய 500 பேர் வேலையிழந்தார்கள். ஷ்ரெக்கை உருவாக்கிய பி.டி.ஐ. ஸ்டுடியோ மூடப்பட்டது. 2016-ல் நிறுவனம் 380 கோடி டாலருக்கு யுனிவர்சலின் தாய் நிறுவனத்திடம் போனது. பூனையின் அடுத்த படம் அறிவிக்கப்படுவதும், தள்ளிப்போவதும், அட்டவணையிலிருந்தே நீக்கப்படுவதுமாக இருந்தது. நெட்ஃபிளிக்ஸ் தொடர் ஒன்று மட்டும் வேறொருவர் குரலில் ஓடிக்கொண்டிருந்தது.

இதற்கிடையே பன்டேராஸின் வாழ்க்கையிலும் ஒன்று நடந்தது. 2017 ஜனவரியில் அவருக்கு மாரடைப்பு வந்தது. பிழைத்துக்கொண்டார். வாழ்க்கையில் எது முக்கியம், எது வெறும் சுமை என்பதை அந்த அனுபவம் தனக்குக் காட்டிக்கொடுத்ததாகப் பிற்பாடு வெளிப்படையாகப் பேசினார். அதன் பிறகு 'பெயின் அண்ட் க்ளோரி' படத்துக்காகக் கான் விழாவில் சிறந்த நடிகர் விருது பெற்றார். 'தி லாஸ்ட் விஷ்' ஒலிப்பதிவுக்கு மைக் முன்னால் போய் நின்றவர், மரணத்தின் முகத்தைக் கிட்டத்தில் பார்த்துவிட்டு வந்த அறுபது வயது மனிதர்.

விசில் சத்தம்

ஜோயல் கிராஃபோர்ட் இயக்கிய 'தி லாஸ்ட் விஷ்' பெரிய கொண்டாட்டத்தோடு தொடங்குகிறது. ஆளுநரின் மாளிகையில் பூனையின் பாட்டு, ஆட்டம், விருந்து. தூக்கத்திலிருந்து எழுந்துவிட்ட ராட்சதனை ஒற்றை ஆளாய் வீழ்த்துகிறான் புஸ். ஊர் ஆர்ப்பரிக்கிறது. அந்த நொடியில் ஒரு பெரிய மணி மேலே விழுந்து நசுங்கிச் சாகிறான்.

பூனைக்கு ஒன்பது உயிர் என்பது மேற்கத்தியரின் பழைய நம்பிக்கை. ஊர் வைத்தியர் கணக்குப் போடச் சொல்கிறார். புஸ் தன் பழைய சாவுகளைச் சிரித்துக்கொண்டே எண்ணுகிறான். காளைகள் மிதித்தது, பீரங்கிக்குள் புகுந்தது, ஒத்துக்கொள்ளாத மீனுணவைத் தின்றது. எல்லாமே திமிரிலும் அலட்சியத்திலும் தொலைத்த உயிர்கள். எண்ணி முடிக்கும்போது எட்டு போயிருக்கிறது. கையில் மிச்சம் ஒன்று.

அதன்பின் வரும் மதுக்கடைக் காட்சியைக் குழந்தைப் படங்களின் வரலாற்றில் அபூர்வமானது என்பேன். முதலில் ஒரு விசில் சத்தம். பிறகு பக்கத்து இருக்கையில் முக்காடு போட்ட ஓர் ஓநாய். சிவந்த கண்கள், இரு கைகளிலும் அரிவாள். பரிசுக்காகத் தன்னைப் பிடிக்க வந்தவன் என்று நினைத்து, வழக்கமான வாய்ச்சவடாலோடு வாளை உருவுகிறான் புஸ். ஓநாய் அவனை விளையாட்டாய் அடிக்கிறது. நெற்றியில் கீறல் விழுந்து ரத்தம் வழிகிறது. யாருடைய வாளும் தீண்டாதவன் என்று பெயரெடுத்தவன் தன் ரத்தத்தை முதல்முறையாகப் பார்க்கிறான். முடி முழுக்கச் சிலிர்த்துக்கொள்கிறது. வாளைப் போட்டுவிட்டு ஓடுகிறான்.

அந்த ஓநாய்தான் மரணம். பிரேசில் நடிகர் வாக்னர் மோரா அதற்குக் கொடுத்த குரலில் கத்தல் இல்லை, அவசரம் இல்லை. படம் முழுவதும் அது அடிக்கடி வருவதில்லை. விசில் கேட்டாலே போதும், அரங்கம் அடங்கிவிடும். அதன் கோபத்துக்கும் நியாயம் இருக்கிறது. எட்டு உயிர்களையும் மதிக்காமல் வீணடித்தவன் மீதான கோபம் அது.

புஸ் தன் தொப்பியையும் பூட்ஸையும் குழிதோண்டிப் புதைத்துவிட்டு, பூனைகளை வளர்க்கும் ஒரு பாட்டியின் வீட்டில் சாதாரண வீட்டுப் பூனையாக அடங்கிப்போகிறான். வேண்டியதைக் கொடுக்கும் நட்சத்திரம் ஒன்று இருண்ட காட்டில் விழுந்துகிடக்கிறது என்று தெரிந்ததும்தான் கிளம்புகிறான். இழந்த எட்டையும் திரும்பக் கேட்க வேண்டும்!

இந்த இடத்தில் கதை மரபு திரும்பிவிடுகிறது. எஜமானுக்கு மாளிகையும் ஷ்ரெக்குக்குக் காவலுமாகப் பிறர் காரியம் பார்த்துவந்த பூனை, தன் உயிருக்காகத் தானே நடக்கிறது. அந்த உயிரை அது இழக்க முடியும் என்று நாம் நம்பத் தொடங்கிய கணத்தில் துணைப்பாத்திரம் நாயகனாகிவிட்டது. எதைச் சொல்லி இத்தனை நாள் சிரிக்கவைத்தார்களோ, அந்தச் சாகாத் திமிரையே எடுத்து உண்மையாகக் கேள்வி கேட்டதுதான் கிராஃபோர்டும் எழுத்தாளர் பால் ஃபிஷரும் செய்த பெரிய காரியம்.

தூரிகை தொட்ட திரை

கணினி அனிமேஷன் பல ஆண்டுகளாக ஒரே திசையில் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முடியும் தனித்தனியாகத் தெரிய வேண்டும், தண்ணீர் தண்ணீர்போலவே இருக்க வேண்டும். 2018-ல் வந்த 'ஸ்பைடர்மேன்: இன்டு தி ஸ்பைடர்-வெர்ஸ்' அந்தப் போக்கை உடைத்தது. 'தி லாஸ்ட் விஷ்' குழு அந்தச் சுதந்திரத்தைத் தேவதைக் கதைக்குப் பயன்படுத்தியது. தயாரிப்பு வடிவமைப்பாளர் நேட் ராக் தலைமையில் ஒவ்வொரு காட்சியும் பழைய கதைப்புத்தகத்தின் ஓவியப் பக்கம்போல் உருவானது. வானத்தில் தூரிகைத் தீற்றல்கள் தெரியும். பூனையின் ரோமம் கற்றை கற்றையான வண்ணப் பூச்சாகத் தெரியும்.

அசைவிலும் ஓர் உத்தி இருக்கிறது. திரைப்படத்தில் ஒரு நொடிக்கு 24 சட்டங்கள். கணினி அனிமேஷனில் வழக்கமாக ஒவ்வொரு சட்டத்திலும் உருவம் சிறிது நகரும்; அசைவு வழுக்கிக்கொண்டு போகும். இந்தப் படத்தின் சண்டைகளில் ஒரு நிலையை இரண்டு சட்டங்களுக்கு நிறுத்திவைக்கிறார்கள். நொடிக்கு 12 நிலைகள்தான். அசைவு வெட்டி வெட்டி விழுகிறது. ஒவ்வொரு வீச்சும் ஓவியமாக நிற்கிறது. அமைதியான காட்சிகளில் மறுபடி வழக்கமான வேகம். பயமும் ஆவேசமும் வரும்போது உலகமே வேறுவிதமாகத் துடிப்பதைப் பார்வையாளர் உடம்பால் உணர்கிறார். அழகுக்காக மட்டும் செய்த வேலையாக இருந்திருந்தால் இரண்டு காட்சிகளில் அலுத்திருக்கும். கதையின் பயத்தோடு சேர்ந்து நடப்பதால் கடைசிவரை தாங்குகிறது.

ஆசையே இல்லாத நாய்க்குட்டி

நட்சத்திரத்தைத் தேடிப் பலர் வருகிறார்கள். மூன்று கரடிகளோடு வளர்ந்த கோல்டிலாக்ஸுக்கு (குரல்: ஃப்ளோரன்ஸ் பியூ) மனிதக் குடும்பம் வேண்டும். ஜாக் ஹார்னருக்கு உலகத்து மந்திரம் மொத்தமும் தனக்கே வேண்டும். மறுபடி வரும் கிட்டிக்கு, நம்பிச் சாய ஓர் ஆள் வேண்டும்; ஒருகாலத்தில் திருமண நாளில் அவளை விட்டு ஓடியவன் புஸ். அவன் தன்னைவிட யாரையும் அதிகம் நேசிக்க மாட்டான் என்று தெரிந்து, அன்று அவளும் வராமலே இருந்துவிட்டாள் என்பது பிறகு தெரியவருகிறது. நட்சத்திரத்துக்கு வழிகாட்டும் வரைபடமோ தொடுகிறவரின் மனசுக்கேற்பப் பாதையை மாற்றிக் காட்டுகிறது. வீரர்கள் தொட்டால் அபாயமான வழி. ஒரு குட்டிநாய் தொட்டால் மலர்கள் நிறைந்த எளிய வழி.

ஹார்வி கியென் குரல் கொடுத்திருக்கும் அந்தக் குட்டியை எல்லோரும் பெரிட்டோ என்று கூப்பிடுகிறார்கள். பழைய வீட்டில் அதைக் கல்லோடு ஒரு காலுறைக்குள் கட்டி ஆற்றில் எறிந்திருக்கிறார்கள். அதைத் தன்னோடு யாரோ விளையாடிய விளையாட்டாகவே அது சொல்கிறது. அந்தக் காலுறையைத்தான் சட்டையாகப் போட்டிருக்கிறது. அதற்கு நட்சத்திரத்திடம் கேட்க ஒன்றுமில்லை. கூட இரண்டு பேர் நடந்துவருவதே அதற்குப் போதும். அந்தக் காட்சியில் கண்கலங்காதவர்கள் குறைவு.

ஓநாயின் விசில் கேட்டுப் பயந்தோடும் புஸ், ஒரு மரத்தடியில் மூச்சுத்திணறி உட்கார்ந்துவிடுகிறான். நெஞ்சு படபடக்கிறது, காது அடைக்கிறது. பெரிட்டோ எந்த அறிவுரையும் சொல்லாமல் வந்து அவன் வயிற்றின்மேல் தலையை வைத்துப் படுத்துக்கொள்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு சீராகிறது. பதற்றத் தாக்குதல் வந்த ஒருவருக்குப் பக்கத்தில் இருப்பவர் என்ன செய்யலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சியைப் பெரியவர்களுக்கான படங்களிலும் நான் பார்த்ததில்லை. தைரியசாலிக்கும் பயம் வரும், அதற்கு வெட்கப்பட வேண்டாம் என்பதை ஒரு குழந்தை இதிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

கடைசியில் நட்சத்திரத்தின் மேல் ஓநாய் வளையம் போட்டு வழிமறிக்கிறது. எட்டு உயிரைத் திரும்பக் கேட்க வரைபடம் கையில் இருக்கிறது. புஸ் அதை வேண்டாமென்று வைத்துவிட்டு வாளை எடுக்கிறான். மரணத்தை ஜெயிக்க முடியாது என்று தெரிந்தே, இந்த ஒற்றை வாழ்க்கைக்காகச் சண்டைபோடுகிறான். தான் கொல்ல வந்த திமிர்பிடித்தவன் இவனல்ல என்று கண்டுகொண்ட ஓநாய், இன்னொரு நாள் சந்திப்போம் என்ற அர்த்தத்தில் விலகுகிறது. மரணத்தை வில்லனாக்கிக் கொன்றுபோட்டுக் கைதட்டல் வாங்கும் பொய்யைப் படம் சொல்லவில்லை.

ரசிகர்கள் கொடுத்த தீர்ப்பு

2022 டிசம்பர் 21-ல் படம் அமெரிக்காவில் வெளியானது. ஐந்து நாட்களுக்கு முன்னால்தான் 'அவதார்: தி வே ஆஃப் வாட்டர்' வந்திருந்தது. முதல் வார இறுதி வசூல் ஒரு கோடியே இருபது லட்சம் டாலரைச் சுற்றியே இருந்தது. பார்த்தவர்கள் மற்றவர்களுக்குச் சொன்னார்கள். வாரக்கணக்கில் கூட்டம் குறையவில்லை. கடைசியில் அமெரிக்கா, கனடாவில் மட்டும் 18 கோடி டாலரைத் தாண்டியது. உலக வசூல் 48 கோடி டாலரை எட்டியது. ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது; விருது கில்யெர்மோ டெல் டோரோவின் 'பினோக்கியோ'வுக்குப் போனது. அந்தப் படமும் சாவைப் பற்றிப் பேசியது என்பது கவனிக்கத்தக்கது. குழந்தைகளிடம் இதையெல்லாம் பேசலாம் என்று ஒரே ஆண்டில் இரண்டு பெரிய படங்கள் நம்பியிருக்கின்றன.

மிகச் சின்னக் குழந்தைகளுக்கு ஓநாய் பயமூட்டும். ஆகவே தனியாக டிவி முன் உட்காரவைத்துவிட்டுப் போகாமல் பெற்றோர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டிய படம் இது. தாத்தாவோ பாட்டியோ, வீட்டில் வளர்ந்த நாயோ பூனையோ இறந்துபோகும்போது குழந்தைகள் கேட்கும் கேள்விகளுக்குப் பெரும்பாலும் நாம் பேச்சை மாற்றிவிடுகிறோம். பயந்துபோன ஒரு பூனையைக் காட்டி அந்தப் பேச்சைத் தொடங்கலாம். பயப்படுவது தப்பில்லை என்றும், இருக்கிற நாளை யாரோடு, எப்படி வாழ்கிறோம் என்பதே கையில் உள்ளது என்றும் சொல்லலாம்.

படமெடுப்பவர்களுக்கும் இதில் பாடம் இருக்கிறது. மக்களுக்குப் பிடித்த துணைப்பாத்திரம் ஒன்றை நாயகனாக்க உட்காரும் எழுத்தாளர், இவன் என்ன செய்தால் சிரிப்பார்கள் என்று யோசிப்பதற்கு முன்னால், இவன் எதை இழக்கப் பயப்படுகிறான் என்று கேட்கட்டும். அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும்வரை தனிப்படம் வேண்டாம். கிடைத்துவிட்டால், பதினோரு ஆண்டு காத்திருந்தாலும் ரசிகர்கள் வந்து சேர்வார்கள்.